எக்ஸ்போஷர் ரிப்போர்ட் ஒவ்வொரு தீக்குப் பிறகும் எழுத வேண்டுமா? யூனியனிடம் எதற்கெல்லாம் போகலாம்?

ஏணிப்படி எழுதியது:

வணக்கம். கனடாவில் ஒன்ராறியோவில் ஒரு நடுத்தர நகரத்தில் தீயணைப்பு வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது, புரொபேஷன், அதாவது நிரந்தரமாகும் முன் உள்ள சோதனைக் காலம், இன்னும் முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் இந்த வேலைக்குப் போன முதல் ஆள் நான், அதனால் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் இல்லை.

போன கிழமை ஒரு வீட்டு பேஸ்மென்டில் தீ. அணைத்த பிறகு சுவரை உடைத்து உள்ளே கனல் இருக்கிறதா என்று பார்க்கும்போது மாஸ்க்கைக் கழற்றிவிட்டேன், பத்து நிமிடம் இருக்கும். அடுத்த நாள் காலை குளித்து முடித்த பிறகும் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வந்தது, தலையணை உறையில் புகை மணம். எங்கள் ஸ்டேசனில் யூனியனின் பிரதிநிதியாக இருக்கும் ஸ்டூவர்ட், எக்ஸ்போஷர் ரிப்போர்ட் என்ற படிவத்தைத் தந்து, எந்தத் தீயில் எவ்வளவு நேரம் புகையில் நின்றாய் என்று இன்றைக்கே எழுது என்றார். பக்கத்தில் நின்ற சீனியர் ஒருவர், இந்தச் சின்னத் தீக்கு எழுதினால் கப்டன் உன்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று கேட்டார். எழுதாமல் லொக்கரில் வைத்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் 1980 ஜூலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு இலங்கையில் அரசாங்க வேலை பறிபோன ஆட்களைக் கண்ணால் பார்த்தவர். பெர்மனன்ட் ஆகும் வரைக்கும் யூனியன் பக்கம் தலைவைத்தும் படுக்காதே என்கிறார். ஆனால் ஒவ்வொரு சம்பளத்திலும் சந்தா கழிகிறது, மின்னஞ்சலும் வருகிறது, அதில் பாதி எனக்கு விளங்குவதில்லை. படிவத்தை எழுதட்டுமா? யூனியனிடம் எதற்கெல்லாம் போகலாம்?

கடலோரம் எழுதியது:

தம்பி, இதை வாசித்து முடித்ததும் லொக்கரைத் திறந்து அந்தப் படிவத்தை எழுதுங்கள். நான் 24 வருடம் இந்த வேலை செய்து ஓய்வுபெற்றவன்.

முதலில் அப்பாவின் பயம். அவர் பார்த்தது உண்மை, பல்லாயிரம் பேர் ஒரே அடியில் வேலை இழந்தார்கள். ஆனால் இங்கே முழுநேரத் தீயணைப்பாளர் வேலைநிறுத்தம் செய்யவே முடியாது, 1997 சட்டம் தடுக்கிறது. ஒப்பந்தப் பேச்சு முறிந்தால் நடுவர் முடிவு செய்வார், மின்னஞ்சலில் வரும் ஆர்பிட்ரேஷன் என்ற சொல் பெரும்பாலும் அதுதான். இதை அப்பாவுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள், கேட்பார்.

இனிப் படிவம். 2022 இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் தரும் தொழில் என்று முதல் வகையில் சேர்த்தது. மீசோதீலியோமா என்ற நுரையீரல் உறைப் புற்றுநோய்க்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் போதிய ஆதாரம் உண்டு என்றது. நான் சேர்ந்த காலத்தில் கரி படிந்த ஹெல்மெட்டைப் பெருமையாகப் பார்ப்போம், பங்கர் கியரை, அதுதான் தீக்குள் போட்டுப்போகும் உடுப்பை, கார் டிக்கியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவேன், பிள்ளையின் சீட் முன்னால் இருக்கும். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்ல ஆள் இருக்கிறது, கேளுங்கள். அந்த சீனியர் கெட்டவர் இல்லை, எங்கள் காலத்துப் பழக்கம் அது.

அப்புறம் மனசு. ஒரு குளத்தில் சின்னப் பிள்ளையை எடுத்த பிறகு எனக்கு மூன்று கிழமை நித்திரை இல்லை. யூனியனின் பியர் சப்போர்ட் ஆள், அதாவது சக ஊழியருக்கு மனத்துணையாக இருப்பவர் ஒருவர், என்னைப் போல வண்டியில் போகிறவர்தான், கூப்பிட்டு ஒரு மணிநேரம் கதைத்தார். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார். 2016 இல் இருந்து பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய், என்று மனநல மருத்துவரோ உளவியலாளரோ உறுதிசெய்தால் அது வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் அதை நாமே நிரூபிக்க வேண்டியிருந்தது.

மல்லிகை_வாசல் எழுதியது:

நான் தீயணைப்பாளர் இல்லை, ஒருவரின் மனைவி. அவருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்று சொன்னபோது வேலையில் சேர்ந்து 13 வருடம். 2007 இல் வந்த விதியின்படி சில புற்றுநோய்கள் வேலையால் வந்தவை என்று தாமாகவே கருதப்படும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச வருடக் கணக்கு உண்டு. மூளைக்கு 10, சிறுநீர்ப்பைக்கு 15. எங்களுக்கு இரண்டு வருடம் குறைந்தது. அதனால் வேலையால்தான் வந்தது என்று நாங்கள் காட்ட வேண்டி வந்தது.

யூனியன் ஆள் இரண்டு பேர் ஒரு சனிக்கிழமை வந்து சமையலறை மேசையில் இருந்தார்கள். நான் போட்ட தேத்தண்ணீர் ஆறிப்போனது, அவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். நோய் தெரிந்து ஆறு மாதத்துக்குள் டபிள்யூஎஸ்ஐபிக்கு, வேலையால் வரும் காயத்துக்கும் நோய்க்கும் இழப்பீடு தரும் மாகாண வாரியத்துக்கு, ஃபோர்ம் 6 என்ற தொழிலாளியின் விண்ணப்பம் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. பிறகு அவருடைய எக்ஸ்போஷர் ரிப்போர்ட் எத்தனை இருக்கிறது என்று கேட்டார்கள். 41 இருந்தது. டயர்க் கிடங்குத் தீ, கார்த் தீ, ஒரு பெயின்ட் கடை, எல்லாம் திகதியோடு, எவ்வளவு நேரம் புகையில் நின்றார் என்பதோடு. எங்கள் கிளெய்ம் நின்றது அந்தக் காகிதங்களில்தான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க டிரைவ்வேயில் பனி தள்ள நான் ஒருநாளும் வெளியே போகவில்லை. நான்கு பிளட்டூனும், அதாவது மாறிமாறி வேலை செய்யும் நான்கு ஷிஃப்ட் குழுவும், முறைவைத்து வந்தார்கள், கதவைத் தட்டாமல் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அவர் இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார். தம்பி, எழுதுங்கள்.

மழைக்காலம் எழுதியது:

எல்லா இடத்திலும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் நகரத்தில் ஒப்பந்தத்தில் என்ன மாறியது என்று எங்களுக்கே வாட்ஸ்அப்பில்தான் தெரியவந்தது, அதிலும் பாதி தவறு. கூட்டம் வைத்தால் அன்று ஷிஃப்டில் இருக்கிறவர்களால் போக முடியாது, பிறகு ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். சந்தா கட்டுகிறவனுக்குத் தகவல் கடைசியாக வந்தால் கோபம் வராதா?

நாலாம்_ஷிஃப்ட் எழுதியது:

மழைக்காலம் சொல்வது நியாயம். நான் ஒரு சின்ன லோக்கலின், அதாவது யூனியனின் உள்ளூர்க் கிளையின், செயலாளர், எங்களிடமும் அதே குறை இருந்தது. 24 மணிநேர ஷிஃப்டில் நான்கு பிளட்டூன் என்றால் எல்லோரும் ஒரே நாளில் ஓரிடத்தில் இருப்பது நடக்காத காரியம். மின்னஞ்சல் அனுப்பிவிட்டோம், கடமை முடிந்தது என்று நாங்களும் இருந்தோம். இப்போது முக்கியமான விஷயம் என்றால் ஒரு பெட்டி கோப்பியோடு ஒவ்வொரு ஸ்டேசனுக்கும் நான்கு தடவை போகிறேன். கால் வலிக்கும், ஆனால் கேள்வி நேரில்தான் வரும். அறிவிப்பை ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுவதில்லை, நீங்கள் என்ன செய்ய வேண்டும், எந்தத் திகதிக்குள் என்பது முதல் வரியில் இருக்கும்.

எல்லோரிடமும் சொந்த மின்னஞ்சல் முகவரி வாங்கியிருக்கிறோம், நகரசபை தந்த முகவரி முதலாளியுடையது, அதில் யூனியன் விஷயம் கதைக்கக் கூடாது. மனைவி அல்லது கணவரின் நம்பரும் வாங்குகிறோம். ஓய்வுபெற்றவர்களுக்கு வருடம் இரண்டு தடவை போன் எடுக்கிறோம், ஏனென்றால் நோய் பலருக்கு ஓய்வுக்குப் பிறகுதான் தலைகாட்டுகிறது, அவர்களுக்கும் அந்தப் புற்றுநோய் விதி பொருந்தும் என்று யாராவது சொல்ல வேண்டும். 2023 இல் தைரொய்டும் கணையமும் பட்டியலில் சேர்ந்தபோது பழைய ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம்.

ஏணிப்படிக்கு: புரொபேஷனில் இருக்கும்போது மேலதிகாரி உங்களைத் தனியாக விசாரணைக்குக் கூப்பிட்டால் ஸ்டூவர்டைக் கேட்டுவிட்டுப் போங்கள். படிவத்தின் ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும். சந்தா உங்கள் டி4 இல், வரிக்காக முதலாளி தரும் வருடச் சம்பளச் சீட்டில், 44ஆம் பெட்டியில் வரும், வரியில் கழிக்கலாம், பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஏணிப்படி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மல்லிகை அக்கா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு வா, நானும் பார்க்கிறேன் என்றார். இன்று இரவு ஷிஃப்ட் முடிந்ததும் லொக்கரில் இருந்து எடுத்து வருகிறேன். மாஸ்க் இல்லாமல் நின்ற நேரத்தைப் பத்து நிமிடம் என்று எழுதலாமா, சரியாகத் தெரியாவிட்டால் என்ன எழுதுவது?

நாலாம்_ஷிஃப்ட் எழுதியது:

சுமார் பத்து நிமிடம் என்று எழுதுங்கள். யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதையும் சேருங்கள், என்ன எரிந்தது என்பதையும்.