ஃபண்டட் அக்கவுண்ட்டுல எதெல்லாம் தடை? மூணு பேர், ஒரே ரூம், ஒரே ஈஏ

பனியன்நகர் (கேள்வி):
வணக்கமுங்க. நாங்க மூணு பேரு, திருப்பூர்ல ஒரே ரூம், ஒரே வைஃபை. நிறுவனத்தோட கணக்குல டிரேட் பண்ணி லாபத்துல பங்கு வாங்கறதுதான் ஃபண்டட் அக்கவுண்ட்; அது கிடைக்கறதுக்கு முன்னாடி கட்டணம் கட்டிப் பாஸ் பண்ற தேர்வுதான் சேலஞ்ச். ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் சேலஞ்ச் ஒண்ணு வாங்கறதா இருக்கோமுங்க. லாப இலக்கு முதல் கட்டத்துல 10%, ரெண்டாவதுல 5%. ஒரு நாள் நட்ட வரம்பு 5%, மொத்தம் 10%. ஒப்பந்தத்துல தடை செஞ்ச முறைகள்னு ஒரு நீளப் பட்டியல் போட்டிருக்காங்க. பேரு மட்டும்தான் இருக்குது, விளக்கம் இல்லை. நாங்க யோசிச்சு வெச்சிருக்கறது நாலுங்க:
ஒண்ணு, விலைக்கு வாங்குன ஒரே ஈஏவை (தானா டிரேட் பண்ற புரோகிராம்) மூணு கணக்குலயும் ஓட்டறது.
ரெண்டு, ஒருத்தர் பை (வாங்கறது), இன்னொருத்தர் அதையே செல் (விக்கறது) போடறது.
மூணு, நட்டம் ஆக ஆக லாட்டை (டிரேட் அளவை) ரெட்டிப்பாக்கிட்டே போற மார்ட்டிங்கேல்.
நாலு, அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை வர்றப்ப தங்கத்துல மேலயும் கீழயும் ஸ்டாப் ஆர்டர் (விலை அங்க தொட்டா தானா டிரேட் திறக்கற ஆர்டர்) வெக்கறது.
இதுல எது மாட்டும், ஏன் மாட்டும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சிங்காநல்லூர்க்காரன்:
முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்குங்க. சேலஞ்சுல நீங்க போடற ஆர்டர் மார்க்கெட்டுக்குப் போறதில்லை. அது நிஜப் பணம் இல்லாத டெமோ சர்வர். பாஸ் ஆன பின்னாடியும் பல இடத்துல டெமோதானுங்க; உங்க லாபத்துல பங்கு மட்டும் நிஜப் பணமா வரும். அதனால நிஜ மார்க்கெட்டுல நிரம்பாத ஆர்டர், டெமோவுல நிரம்புதுங்கற ஒரே காரணத்தால லாபம் தந்தா அது தடை. மார்க்கெட்டைக் கணிக்காமலே கணக்கு பாஸ் ஆகற மாதிரி எதைச் செஞ்சாலும் அதுவும் தடை. பட்டியல்ல பாதி இந்த ரெண்டுல அடங்கிரும்.

லேட்டன்ஸி ஆர்பிட்ராஜ் முதல் வகை. வேற இடத்துல விலை ஏறினதை ஈஏ அரை நொடி முன்னாடி பாத்துட்டு, இன்னும் பழைய விலை காட்டற சர்வர்ல வாங்கும். ஒண்ணாம் தேதி மில்லுல நூல் விலை ஏத்தினது தெரிஞ்சுக்கிட்டு, விலைப்பட்டியலை இன்னும் மாத்தாத கடையில போயி மூட்டை மூட்டையா அள்ளற மாதிரி. நிஜக் கடைக்காரர் சரக்கு இல்லைன்னுருவார். டெமோ சர்வருக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. சில நொடியில திறந்து மூடற டிக் ஸ்கால்ப்பிங்கையும் இதனாலதான் தடுக்கறாங்க.

உங்க ரெண்டாவது யோசனை இன்னொரு வகை. ஒரு கணக்கு 10% ஏறறப்ப மத்தது 10% இறங்கி உடையும். உடைஞ்சதுக்குக் கட்டின கட்டணம் மட்டும் போகும், மத்தது பாஸ். மார்க்கெட் எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான். அதனாலதான் கணக்குகளுக்கிடையில இப்படி எதிரெதிரா போடற ஹெட்ஜை அனேகமா எல்லா நிறுவனமும் தடுக்குது. ஆளை மாத்தினாலும், வேற வேற நிறுவனத்துல போட்டாலும் பெரும்பாலான ஒப்பந்தத்துல தடைதான். ஒரே கணக்குக்குள்ள பையும் செல்லும் வெக்கறது வேற விஷயம், அதைப் பலரும் விடுவாங்க.

மூணு பேருக்கு ஒரே ஈஏங்கறதுதான் பலரும் தெரியாம மாட்டற இடம். நிறுவனம் ஒப்பிடறது ஐபி (இணைய முகவரி) மட்டும் இல்லைங்க. சிம்பல் (எதுல டிரேட்), திசை, திறந்த நொடி, லாட், மூடின நொடி, கட்டணம் கட்டின கார்டு எல்லாம் பாப்பாங்க. கடையில வாங்குன ஈஏன்னா உங்களை மாதிரி நூறு பேரு அதே நொடியில அதே டிரேடை எடுத்திருப்பாங்க. நீங்க மூணு பேரும் வேற வேற ஊர்ல இருந்தாலும் அது குழு டிரேடிங்தான். உங்களோட சொந்தக் கணக்குகளுக்குள்ள காப்பி பண்றதைப் பல நிறுவனங்கள் விடும், ஒரு ஆளுக்குத் தர்ற மொத்த ஒதுக்கீட்டு வரம்பைத் தாண்டாத வரைக்கும்.

செய்ய வேண்டியது: வாங்கறதுக்கு முன்னாடியே சப்போர்ட்டுக்கு எழுதுங்க. மூணு பேரு, ஒரே வைஃபை, தனித்தனியா டிரேட் பண்றோம்னு சொல்லி, பதிலை எழுத்துல வாங்கி வெச்சுக்குங்க. சாட்டுல சொன்னதை ஸ்கிரீன்ஷாட் எடுங்க. மாசாந்திர மின்தடை நாள்ல ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினா ஐபி மாறும். அதுக்குப் பயப்பட வேண்டியதில்லை. விபிஎன் போட்டு இன்னிக்கு ஒரு நாடு, நாளைக்கு ஒரு நாடுன்னு காட்டறதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். அப்புறம், பாஸ் பண்ணித் தர்றேன்னு டெலிகிராம்ல பாஸ்வேர்டு கேக்கறவங்ககிட்ட தயவுசெஞ்சு கொடுத்துறாதீங்க. கணக்கும் போகும், கட்டினதும் போகும்.

மஞ்சமண்டி (ஈரோடு):
மார்ட்டிங்கேலுக்கு நான் கணக்கே போட்டுக் காட்டறேனுங்க. யூரோ-டாலர், முதல் லாட் 0.10, விலை எதிரா 20 பிப் (ஒரு பிப்னா விலையில 0.0001 நகர்வு) போகப் போக ரெட்டிப்பு. 0.10 லாட்டுக்கு ஒரு பிப் ஒரு டாலர்.
100 பிப் போனா அஞ்சு பொசிஷன், நட்டம் 1,140 டாலர்.
120 பிப்புல ஆறு பொசிஷன், 2,400.
140 பிப்புல ஏழு பொசிஷன், 4,940.
ஒரு லட்சம் கணக்குல நாள் வரம்பு 5,000. அந்த இடத்துல கையில மொத்தம் 12.70 லாட் இருக்கும், பிப்புக்கு 127 டாலர். இன்னும் ஒரே ஒரு பிப் போனா கணக்கு உடைஞ்சுது. 100 பிப் வரைக்கும் ஒண்ணுமே ஆகாத மாதிரி இருந்தது, அடுத்த 40 பிப்புல எல்லாம் முடிஞ்சுருது. பெரிய செய்தி வர்ற நாள்ல 140 பிப் நகர்றதும் உண்டு.

சில நிறுவனங்கள் இதைத் தடுக்காது, ஏன்னா வரம்பே பாத்துக்கும். தடுக்கற இடத்துல ஈஏவோட லாட் வரிசையைப் பாத்தே கண்டுபிடிச்சுருவாங்க. 0.10, 0.20, 0.40, 0.80னு போனா மறைக்க வழியே இல்லை. சீரான இடைவெளியில ஆர்டரை அடுக்கற கிரிட்டும் இதே சாதிதான்.

இன்னொண்ணு, கன்சிஸ்டன்சி விதி இருக்குதான்னு பாருங்க. ஒரு நாள் லாபம் மொத்தத்துல 40% தாண்டக்கூடாதுன்னு இருந்தா, மொத்த லாபம் 4,000, ஒரே நாள்ல வந்தது 2,200ன்னா அது 55%. பணம் வராது, மொத்தம் 5,500 ஆகற வரைக்கும் சின்னச் சின்னதா சேக்கோணும். மாசம் பூரா 0.5 லாட் போட்டுட்டு கடைசி நாள்ல 8 லாட் போடறதையும் சூதாட்டம்னு எழுதி நிறுத்துவாங்க.

நொய்யல்கரை:
நாலாவதுக்கு வர்றேன். செய்தி நேரத் தடை பல இடத்துல சேலஞ்சுல இருக்காது, ஃபண்டட் ஆன பின்னாடிதான் வரும். பாஸ் ஆன அதே முறையை அப்படியே தொடர்ந்து, அங்க போயிச் சிக்கறவங்கதான் நிறைய. பொதுவா செய்திக்கு 2 நிமிஷம் முன்னாடி, 2 நிமிஷம் பின்னாடி. சில இடத்துல 5 நிமிஷம்.

வேலைவாய்ப்பு அறிக்கையும் பணவீக்க அறிக்கையும் அமெரிக்கக் கோடைநேரம் இருக்கறப்ப நம்ம நேரம் மாலை 6:00, மத்த மாசத்துல 7:00. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட்டோட வட்டி முடிவு இரவு 11:30, இல்லைன்னா 12:30. நாள் வரம்பு எப்போ புதுசாகுதுன்னும் பாருங்க. மத்திய ஐரோப்பிய நள்ளிரவுன்னு போட்டிருந்தா கோடையில நம்ம விடியக்காலை 3:30, குளிர்காலத்துல 4:30. நியூயார்க் மூடற நேரம்னா 2:30, 3:30. மார்ச்சுல அமெரிக்கா முன்னாடியே நேரத்தை மாத்திரும், ஐரோப்பா மாசக் கடைசி ஞாயித்துக்கிழமைதான் மாத்தும். நடுவுல அந்த ரெண்டு மூணு வாரம் பழைய அட்டவணையை நம்பி ராத்திரி பொசிஷன் வெச்சிருந்தா, நாள் கணக்கு தப்பிப் போகும்.

தங்கத்துல ரெண்டு பக்கமும் ஸ்டாப் ஆர்டர்னா, தடையே இல்லாத இடத்துலயும் வேண்டாமுங்க. ஒரு லாட் 100 அவுன்ஸ். 2 லாட்டுக்கு ஒரு டாலர் நகர்வு 200 டாலர். செய்தி வந்த நொடியில ஸ்ப்ரெட் (வாங்கற விலைக்கும் விக்கற விலைக்கும் உள்ள இடைவெளி) விரியும். 5 டாலர் ஸ்டாப் லாஸ் (நட்டத்தை அங்கயே நிறுத்தற ஆர்டர்) வெச்சது 8 டாலர்ல நிரம்புச்சுன்னா 1,600 போச்சு. மேல ஒரு இழுப்பு, கீழ ஒரு இழுப்புன்னு ரெண்டு பக்கமும் தொட்டா 3,200, ஒரே நிமிஷத்துல.

பனியன்நகர்:
ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம். காலையிலயே எடுத்த டிரேடு, ஸ்டாப் லாஸ் மட்டும் அந்த நாலு நிமிஷத்துக்குள்ள தொட்டுச்சுன்னா அதுவும் மீறலா? பணம் கட்டறது, வாங்கறதுல ஏதாச்சும் சிக்கல் இருக்குதுங்களா?

கரூர் பேரேடு:
பணத்தைப் பத்தி நான் சொல்றேனுங்க. வெளிநாட்டுல ஃபாரெக்ஸ் மார்ஜினுக்கு (டிரேடுக்குப் பிணையா வெக்கற பணம்) அனுப்பறதுக்கு, தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பற ரிசர்வ் வங்கித் திட்டமான எல்ஆர்எஸ்ல இடமில்லை. சேலஞ்ச் கட்டணம் மார்ஜின் இல்லை, சேவைக் கட்டணம்னு நிறுவனங்கள் எழுதுது. அந்த இன்வாய்ஸை எடுத்து வெச்சு, கட்டறதுக்கு முன்னாடியே உங்க ஆடிட்டர்கிட்ட காட்டுங்க. அனுமதியில்லாத ஃபாரெக்ஸ் தளங்களோட எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர்ல இருந்து வெளியிடுது, அதுல பேரு இருக்குதான்னு பாத்துருங்க. லாபப் பங்கை கிரிப்டோவுல வாங்கினா, ரூபாயா மாத்தறப்ப 1% டிடிஎஸ் பிடிப்பாங்க, கணக்குல காட்டியே ஆகோணும்.

நொய்யல்கரை:
ஸ்டாப் லாஸுக்கு: பல ஒப்பந்தத்துல திறக்கறது, மூடறது ரெண்டுமே அந்த நேரத்துல தடை. ஸ்டாப் லாஸ், டேக் ப்ராஃபிட் (லாபத்துல மூடற ஆர்டர்) தானா தொட்டாலும் மூடினதாத்தான் எடுத்துக்குவாங்க, காத்திருக்கற பெண்டிங் ஆர்டர் அந்த நேரத்துல நிரம்பினா திறந்ததா எடுத்துக்குவாங்க. சிலர் அந்த லாபத்தை மட்டும் கழிப்பாங்க, சிலர் கணக்கையே மூடிருவாங்க. காலையில எடுத்த டிரேடுக்கு விலக்கு இருக்குதான்னு அந்த ஒரு வரியைத் தேடிப் படிங்க. இல்லைன்னா 6 மணிச் செய்திக்கு 5:45க்கே பொசிஷனை மூடிட்டு, பெண்டிங் ஆர்டரையும் எடுத்துருங்க.