மூடுபனிக் காலத்தில் மினியேச்சர்களுக்கு விரைவாக வர்ணம் பூசுவது எப்படி?

கேள்வி (ஹட்டன்)

அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டில் வசிக்கும் மாமா ஒருவர், மாயாஜால உலகப் போர் விளையாட்டு ஒன்றுக்குரிய பிளாஸ்டிக் உருவங்களை எனக்கு அனுப்பியிருக்கிறார். எல்லாம் 28 மில்லிமீற்றர் அளவிலான எலும்புக்கூட்டு வீரர்கள், எண்ணிக்கை 40. நான் இதுவரை தூரிகை பிடித்ததில்லை. காட்சிப் பெட்டியில் வைக்கும் அளவுக்கு நுட்பம் தேவையில்லை, பாடசாலை விடுமுறையில் நண்பர்களுடன் விளையாடும்போது மேசையில் பார்க்க நன்றாக இருந்தால் போதும். முதலில் ஸ்பிரே பிரைமர் (நிறம் நன்றாகப் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) அடிக்க வேண்டும் என்று காணொளிகள் கூறுகின்றன. இங்கோ காலையும் மாலையும் பனி மூடியே இருக்கிறது. எப்படித் தொடங்கலாம்?

பதில் 1 (நுவரெலியா)

தம்பி, நம் பக்கத்தில் ஸ்பிரேயை மறந்துவிடுங்கள். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது ஸ்பிரே பிரைமர் அடித்தால், அது உருவத்தின் மேல் மாவு தூவியது போலச் சொரசொரப்பாகப் படிந்து, முகத்திலும் விரல்களிலும் உள்ள நுண்ணிய செதுக்கல்களை மூடிவிடும். மேலும், அமுக்கப்பட்ட வாயுக் குப்பிகள் விமானத் தபாலில் ஆபத்தான பொருட்களாகக் கருதப்படுவதால், மாமாவிடம் கேட்டாலும் அவை எளிதில் வந்து சேரா. தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமர் சிறு போத்தலில் கிடைக்கிறது, அதற்கு வானிலை பெரிய தடையல்ல. கறுப்பு நிறத்தையே வாங்குங்கள்.

பூசுவதற்கு முன் வார்ப்புக் கோடுகளை, அதாவது அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் எஞ்சும் மெல்லிய வரம்புகளை, கத்தியின் பின்புறத்தால் சுரண்டி நீக்கிவிட்டு, சவர்க்கார நீரில் பழைய பற்தூரிகையால் கழுவிக் காயவையுங்கள். கறுப்புப் பிரைமர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் முக்கிய வேலை தொடங்குகிறது. அகன்ற, மென்மையான தூரிகையில் சாம்பல் நிறத்தைத் தொட்டு, ஏறக்குறைய எல்லாவற்றையும் கடதாசியில் துடைத்துவிட்டு, மேலிருந்து கீழாக உருவத்தை இலேசாக வருடுங்கள். மேடான இடங்களில் மட்டும் நிறம் பிடிக்கும். இதனையே டிரை பிரஷ் என்கிறோம். பின்னர் வெள்ளை நிறத்தால், தலை, தோள் போன்ற ஒளி விழும் இடங்களை மட்டும் இன்னும் இலேசாக வருடுங்கள். இந்த நிலையிலேயே உருவத்தில் ஒளியும் நிழலும் தெளிவாகத் தெரியும்.

அதன்மேல் கொன்ட்ராஸ்ட் வகைப் பெயின்டை ஒரே ஒரு தடவை பூசினால் போதும். கேம்ஸ் வேர்க்‌ஷொப் நிறுவனம் 2019 இல் அறிமுகப்படுத்திய இந்த வகை, மேடுகளில் மெல்லியதாகவும் பள்ளங்களில் அடர்த்தியாகவும் தானாகவே தங்கிவிடும். எலும்பு நிறத்துக்கென்றே அதில் ‘ஸ்கெலிட்டன் ஹோர்ட்’ உண்டு. ஓரிடத்தில் குளமாகத் தேங்கினால், ஈரமாக இருக்கும்போதே சுத்தமான தூரிகையால் உறிஞ்சி எடுங்கள். பாதி காய்ந்ததை மீண்டும் தொட்டால் கறை விழும். என் கருத்தில், புதியவர் ஒருவருக்கு இதைவிட ஊக்கமளிக்கும் முறை வேறில்லை.

பதில் 2 (பண்டாரவளை)

மேலே சொன்ன முறை சிறந்ததுதான், ஆனால் முழுப் படையும் எலும்புக்கூடுகளாக இருப்பதால் அவ்வளவு படிகள் தேவையில்லை என்று நினைக்கிறேன். வெளிர் எலும்பு நிறத்தைச் சிறிது நீர் கலந்து முழுவதும் பூசி, காய்ந்ததும் ‘அக்ராக்ஸ் எர்த்ஷேட்’ போன்ற பழுப்பு வாஷை (பள்ளங்களில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த பெயின்ட்) மேலே ஓடவிட்டு, அது காய்ந்த பின் அதே எலும்பு நிறத்தால் டிரை பிரஷ் செய்தால் விலா எலும்புகள் ஒவ்வொன்றும் தனித்துத் தெரியும். வாளுக்கும் கேடயத்துக்கும் ஒவ்வொரு நிறம். செலவும் குறைவு.

ஸ்பிரேயைப் பொறுத்தவரை, ஹட்டனுக்கு அண்ணா சொன்னது சரி. ஊவாப் பக்கத்தில் நிலைமை வேறு: தென்மேல் பருவமழை மலைத்தொடரின் மறுபுறம் கொட்டித் தீர்ப்பதால், ஆடி, ஆவணி மாதங்களில் இங்கே காற்று வறண்டிருக்கும், காற்று ஓய்ந்த நண்பகலில் தாராளமாக அடிக்கலாம்.

கேட்டவர் (ஹட்டன்)

மிக்க நன்றி அண்ணா, அக்கா. இரண்டு முறைகளையும் ஓரிரு உருவங்களில் பரீட்சித்துப் பார்க்கிறேன். ஸ்பீட்பெயின்ட் என்று ஒன்றும் விற்கிறார்களே, அதுவும் கொன்ட்ராஸ்ட் போன்றதா? உருவம் நிற்கும் அடித்தட்டில் தேயிலைத் தூள் ஒட்டலாமா?

பதில் 1 (நுவரெலியா)

ஆம், அதே வகைதான். ஆனால் 2022 இல் வந்த முதற் பதிப்பு, காய்ந்த பிறகும் மேலே ஈர நிறம் பட்டால் கரைந்து கலந்துவிடும். அடுத்த ஆண்டு வந்த 2.0 பதிப்பில் இதனைச் சரிசெய்துவிட்டார்கள், போத்தலில் அதைப் பார்த்து வாங்குங்கள்.

தேயிலைத் தூள் உதிர்ந்த இலை போல அழகாகவே இருக்கும், ஆனால் நம் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடக்கூடும். சலித்த ஆற்று மணலை வெள்ளைப் பசையால் ஒட்டி, கரும்பழுப்பு பூசி, மேலே வெளிர் பழுப்பால் டிரை பிரஷ் செய்யுங்கள். கடைசியில் மட் வார்னிஷ் (பளபளப்பற்ற பாதுகாப்புப் பூச்சு) ஒரு தடவை அவசியம், ஏனெனில் விளையாடும்போது விரல் படும் இடங்களில்தான் நிறம் முதலில் தேயும். அதையும் தூரிகையால்தான் பூச வேண்டும். ஈரக் காற்றில் ஸ்பிரே வார்னிஷ் வெண்மையாகப் படர்ந்துவிடும். காய்வதற்குத் தாமதமாகிறதென்று அடுப்பருகே வைக்காதீர்கள், பிளாஸ்டிக் வளைந்துவிடும். தலைமயிர் உலர்த்தியை மிகக் குறைந்த சூட்டில், சற்றுத் தள்ளிப் பிடித்தால் போதும்.