இம்ப்ளான்டைச் சுற்றிச் சீழ்: ஈறைத் திறக்கலாமா?
டாக்டர்களே, ஒரு யோசனை வேண்டும். கீழ்த் தாடை முதல் கடைவாய்ப் பல் இடத்து இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதித்த செயற்கைப் பல் வேர்), அதன் மேல் சிமென்ட் வைத்து ஒட்டிய கிரவுன் (பல் உறை). ப்ரோப் (ஈறு ஆழம் அளக்கும் கம்பி) 7 மி.மீ. இறங்கியது, அழுத்தினால் சீழ். எக்ஸ்ரேயில் எலும்பு 4 மி.மீ. குறைவு. கிரவுனைக் கழற்றியதும் ஈறுக்கடியில் அரிசிக் குருணை அளவு சிமென்ட்! அதை எடுத்து, டைட்டானியம் க்யூரெட்டால் (சுரண்டும் கருவி) சுத்தம் செய்தாயிற்று (ஸ்டீல் முனை கீறிவிடும், தொடவில்லை). 8 வாரம் கழித்தும் 6 மி.மீ., ரத்தக்கசிவு. இம்ப்ளான்ட் ஆடவில்லை. நோயாளியின் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 8.2%; அதைக் குறைத்த பிறகுதான் ஈறைத் திறக்க வேண்டுமா? எலும்பு கரைந்த பள்ளம் மூன்று பக்கமும் எலும்புச் சுவரோடு இருந்தால் எலும்புத்தூள் நிரப்பலாம் என்பது என் எண்ணம். இம்ப்ளான்டின் திருகு மரைகளைச் சுத்தம் செய்ய டைட்டானியம் பிரஷ்ஷா, காற்றோடு பீய்ச்சும் கிளைசின் பவுடரா? வெறும் ஆன்டிபயாட்டிக் யோசனை மட்டும் வேண்டாம். மரையில் படிந்த கிருமிப்படலத்தை மாத்திரை கரைக்காது.