3,000 பேரின் மெயிலை ஒரே மூச்சில் மாற்றுவதா, கிளை கிளையாகவா?

வெள்ளவத்தைவாசி:
கோட்டையில் தலைமை அலுவலகம், யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தறை வரை கிளைகள், ஏறக்குறைய 3,000 மெயில் கணக்குகள். ஓடுவது எக்ஸ்சேஞ்ச் 2016 என்ற மெயில் சேர்வர் மென்பொருள். அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை அனுப்பிப் பெறுவது), டவ்கொட் (மெயில் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது) போட்ட லினக்ஸ் சேர்வருக்குப் போகிறோம், கலண்டருக்கு சோகோ. வெசாக் விடுமுறை இரண்டு நாளில் எல்லாரையும் மாற்றிவிடும்படி மேலதிகாரிகள் சொல்கிறார்கள். எனக்குக் கிளை கிளையாகப் போகத்தான் விருப்பம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மருதானை மெயில்காரன்:
தம்பி, மேலதிகாரிகள் சொல்வதுதான் சரி. பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே என்றால் படப்போவது நீங்கள். மெயிலையாவது பழைய சேர்வர் புதியதற்குத் தள்ளிவிடும். கலண்டரை என்ன செய்வீர்கள்? இந்தப் பக்கம் இருப்பவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் நேரம் தெரியாது. நான் முன்பு வேலை செய்த இடத்தில் ஏழு வாரம் இப்படி இழுத்தோம். ஒருநாள் இயக்குநர் சபைக் கூட்டத்துக்கு வந்தவர்கள் அறை வாசலில் நிற்கிறார்கள், உள்ளே வேறொரு பிரிவின் பயிற்சி வகுப்பு நடக்கிறது. மெயில் தொலைந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். நம் சேர்வர் படுத்துக் கிடந்தாலும், அனுப்பும் சேர்வர்கள் பொதுவாக நாலைந்து நாள் விடாமல் முயன்று பார்க்கும்.

யாழ்தேவி:
அண்ணா, கூட்ட அறைக்கு ஒரு தாளை எழுதிக் கதவில் ஒட்டிவிடலாம். விடுமுறை முடிந்த காலை 3,000 பேர் ஒன்றாக அவுட்லுக்கைத் திறந்தால் அதை எதில் ஒட்டுவீர்கள்? அவுட்லுக்குக்கு அது புதுக் கணக்கு. எல்லா மெயிலையும் முதலிலிருந்து இறக்கும். கிளைக்கு ஒரே ஒரு இணைப்பு, அதில்தான் வாடிக்கையாளர் வேலையும் ஓட வேண்டும்.

நான் கிளைகளில் நின்று பார்த்தவள். ஓர் அலுவலகத்தில் 12 பேரை மட்டும் முதலில் மாற்றினோம். அதில் ஓர் அம்மா 'கடன் விண்ணப்பங்கள்' என்று தமிழில் ஃபோல்டர் வைத்திருந்தார். ஐமேப் (சேர்வரில் இருக்கும் மெயிலைப் படிக்கும் முறை) தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துக்குள் மடித்து அனுப்பும், 'அண்ட்' (&) குறியில் தொடங்கும். எங்கள் ஸ்கிரிப்ட் அதைப் பிரிக்காமல் அப்படியே எழுதிவிட்டது. அவர் திரையில் ஒரு வரி குப்பை எழுத்து. பதினொரு வருடக் கடிதங்கள் போய்விட்டன என்று நினைத்து அழுதேவிட்டார். உள்ளே எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது. 12 பேர் என்பதால் ஒரு மணி நேரத்தில் சரி செய்தோம்.

மருதானை மெயில்காரன்:
அந்த அம்மாவின் நிலைமை விளங்குகிறது தங்கச்சி. ஆனால் அது முன்னோட்டம் பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம், ஏழு வாரம் இழுப்பதற்கு இல்லை. பழைய சேர்வரின் மெயிலைப் புதியதற்குப் பிரதி எடுக்கும் ஐமேப்சிங்கை மூன்று வாரம் முன்பே ஓட விடுங்கள். எத்தனை தடவை ஓட்டினாலும் இல்லாததை மட்டும்தான் கொண்டுபோகும். கடைசி இரவுக்கு மிஞ்சுவது கொஞ்சம். எம்எக்ஸ் பதிவின் (நம் மெயில் எந்த சேர்வருக்கு வர வேண்டும் என்று வெளியே சொல்வது) டிடிஎல்லை, அதாவது மற்ற சேர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, முன்கூட்டியே 300 செக்கனுக்கு இறக்கி வையுங்கள், மாற்றியது சீக்கிரம் பரவும்.

யாழ்தேவி:
சேர்வருக்குப் போவது முன்பே போகும், சரி. சேர்வரிலிருந்து கிளைக் கணினிக்கு இறங்குவது? அது அந்தக் காலையில்தானே!

கொட்டாஞ்சேனை:
போட்டோகொப்பி மெஷின்களை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் மெஷினில் பழைய சேர்வரின் ஐபி முகவரியையே யாரோ எப்போதோ அடித்து வைத்திருப்பார்கள். சம்பளச் சிட்டை அனுப்பும் மென்பொருளும் அப்படித்தான். பழைய சேர்வரின் லொக்கில் (அது தானாகக் குறித்து வைக்கும் பதிவில்) ஒரு மாதத்தைப் பாருங்கள், யார் யார் கதவைத் தட்டுகிறார்கள் என்று தெரியும்.

வெள்ளவத்தைவாசி:
லொக்கைப் பார்த்தேன். பட்டியலில் இல்லாத 19 மெஷின்கள்! மிக்க நன்றி. ஐமேப்சிங்கை இன்றிரவே தொடங்குகிறேன். பாஸ்வேர்டை, எல்லாருடைய அலுவலகக் கணக்குகளும் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியிடமே கேட்கும்படி வைத்திருக்கிறேன், யாரும் புதிதாக எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தலைமை அலுவலகம் முழுவதும் வெசாக்கில் ஒரே தடவையாகப் போகும், கூட்ட அறைகள் எல்லாம் அங்கேதான். கிளைகள் அதற்கு அடுத்த இரண்டு வாரத்தில். முன்னோட்டத்துக்கு ஹற்றன் கிளை.

மருதானை மெயில்காரன்:
இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு நாளும் கூடாது தம்பி.

யாழ்தேவி:
ஹற்றனில் தமிழிலும் சிங்களத்திலும் ஃபோல்டர் வைத்திருப்பவர்களை முதலில் எடுங்கள். மாற்றுகிற அன்று ஒருவர் நேரில் போய் நில்லுங்கள், போனில் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.