முதுகுவலிக்கு இழுவைப் படுக்கை: படுத்தவர்கள் சொல்லுங்கள்

தோட்டத்து மகள், சுங்கை சிப்புட்
முதுகை இயந்திரத்தால் இழுத்து நீட்டும் இழுவை சிகிச்சைக்காக அம்மாவை ஈப்போவுக்கு அழைத்துப் போனேன். நெஞ்சுக்கு ஒரு பட்டை, இடுப்புக்கு ஒரு பட்டை, கெண்டைக்காலுக்கு அடியில் ஸ்டூல், உங்களுக்குத் தெரிந்ததுதான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே இடுப்பு போனவர். இயந்திரம் மெல்ல இழுக்கத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு, "பால் வாளி தொங்கும் காண்டாக் கம்பைத் தோளிலிருந்து யாரோ இறக்கிவைத்த மாதிரி இருக்கிறது" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு தெளிவைப் பார்த்து வெகுகாலம் ஆகிறது.

நேரம் முடிந்ததும் உதவியாளர் பட்டைகளை மளமளவென்று அவிழ்த்து, "எழுந்திருங்கள் அம்மா, அடுத்தவர் காத்திருக்கிறார்" என்றார். எழுந்து ஓரடி வைத்தவர், "ஐயோ" என்று என் கையைப் பிடித்தார். உட்கார முடியாமல் பஸ்ஸில் வீடு வரை நின்றுகொண்டே வந்தார். அவ்வளவு சுகம் அரை நிமிடத்தில் எங்கே போனது? வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

செம்பனைக்காரன்
என்னுடையது தலைகீழ்ப் பலகை. கணுக்காலைப் பூட்டி ஆளையே கவிழ்க்குமே, அது. செம்பனைக் குலை தூக்கித் தூக்கி வீணான இடுப்பு; மைத்துனர் வீட்டில் பலகை இருந்தது. பாதி சாயும் வரை நல்ல சுகம். முழுக்கக் கவிழ்ந்ததும் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் திரண்டு முட்டியது, காதுக்குள் நெஞ்சு அடித்தது. அத்தை ஓடிவந்து பலகையைத் திருப்பினார். இருந்தாலும் அன்றிரவு காலுக்கு இறங்கும் வலி இல்லை. தங்கை, அம்மாவுக்கு வீட்டிலேயே ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்
தம்பி, வயதான அம்மாவைத் தலைகீழாகத் தொங்கவிடச் சொல்கிறீர்களே! தலைகீழாக நின்றால் இரத்த அழுத்தமும் கண்ணின் அழுத்தமும் ஏறும். உயர் இரத்த அழுத்தமோ கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயோ உள்ளவர் அதன் பக்கமே போகக் கூடாது. இழுவையைப் பற்றியும் சொல்கிறேன்: 2013இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 32 சோதனைகளை ஆராய்ந்து, கீழ்முதுகு வலிக்கு அதனால் பலன் மிகக் குறைவு அல்லது இல்லை என்றது. 2016இல் நைஸ் என்ற பிரிட்டன் சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலும் அதைக் கொடுக்க வேண்டாம் என்றது. நானும் படுத்திருக்கிறேன். படுத்திருந்த வரை சுகம், அவ்வளவே.

செம்பனைக்காரன்
ஐயா, அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். எந்த ஆய்வைக் காட்டினாலும் அது இல்லையென்று ஆகாது.

கோலகங்சார் மருமகள்
என் மாமனாருக்கும் எழுந்த நொடியில்தான் பிடித்தது. மறுமுறை வேறொரு பிசியோதெரபிஸ்ட், இழுவை நின்ற பிறகும் சில நிமிடம் அப்படியே படுக்கவைத்து, ஒருக்களித்து, கையை ஊன்றி எழச் சொன்னார். அன்று வலி வரவில்லை.

சுகம் எங்கே போனது என்று தங்கை கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன். படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் வட்டுகள் நீரை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பும். காலையில் நாம் சற்று உயரமாக இருப்பது அதனால்தான். நிமிர்ந்து நின்றதும் உடல் எடை மறுபடி அவற்றை அழுத்துகிறது. அதனால் அவசரமாக எழுப்பக் கூடாது. எவ்வளவு எடை வைத்து இழுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். வழக்கமாக உடல் எடையில் கால் பங்கில் தொடங்குவார்கள், பாதிக்கு மேல் போக மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மாவின் எலும்பு அடர்த்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு அடர்த்தி குறைந்தவருக்கும், முதுகெலும்பில் முறிவோ கட்டியோ கிருமித்தொற்றோ உள்ளவருக்கும் இழுவை ஆகாது. தொடையிடுக்கு மரத்துப்போனாலோ சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ அது அவசரம். படுக்கை, பலகை எதையும் நினைக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

தம்பி, குலை தூக்கும்போது பட்ட அடியென்றால், மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் பதிந்தார்களா? வேலையிடத்து விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சொக்சோவுக்கு மலாக்காவில் மறுவாழ்வு மையமே இருக்கிறது. பலகைக்குப் பணம் போடுவதற்கு முன் அதை விசாரியுங்கள்.

தோட்டத்து மகள், சுங்கை சிப்புட்
எலும்பு அடர்த்தி பற்றி எங்களிடம் யாரும் கேட்கவே இல்லை, அக்கா. அம்மா அந்தப் படுக்கைக்கு மறுபடி போக வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். முதலில் அந்தப் பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்கிறேன்.