சிராய்ப்பு, புது டாட்டூ: உங்களுக்கு எப்படி ஆறியது?

திருச்சி உறுப்பினர் (தொடக்கப் பதிவு)

போன ஆடி மாதம் பள்ளிக்கூடம் முடிந்து ஸ்கூட்டியில் வரும்போது, ஜல்லி சிதறிக் கிடந்த ஒரு திருப்பத்தில் சறுக்கி விழுந்தேன். எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்து, சதையோடு மண்ணும் பொடிக்கல்லும் ஒட்டியிருந்தன.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் இருக்கிறார். என்னைக் குழாயடியில் உட்காரவைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, ஈரத் துணியால் வலது முழங்காலைத் தேய்த்துக் கழுவினார். எனக்கு உயிர் போயிற்று. "பொறுத்துக்கம்மா, இந்தக் கல்லு உள்ள நின்னா பச்சை குத்தின மாதிரி நீலமா தங்கிடும்" என்றார். டெட்டால் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம், அவை கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளர வரும் செல்லையும் எரித்துவிடும், குடிக்கிற தண்ணீர் போதும் என்று சொன்னார். இடது காலில் பாதி கழுவும்போதே போதும் போதும் என்று நான் காலை இழுத்துக்கொண்டேன்.

வலது முழங்காலுக்கு வாஸ்லின் தடவிய காஸ் துணி வைத்துக் கட்டினார். இடது காலுக்கு வரும்போது என் மாமியார் குறுக்கே வந்து, "மூடி வச்சா சீழ் பிடிக்கும், அதையாவது காத்தாட விடுங்க" என்றார்கள். அத்தை பேச்சைத் தட்ட முடியவில்லை. அதனால் ஒரே உடம்பில், ஒரே நாள் பட்ட இரண்டு காயங்கள், இரண்டு விதமாக ஆறத் தொடங்கின.

வலது காலில் தினமும் ஒரு தடவை கட்டைப் பிரித்து, கழுவி, மறுபடி வாஸ்லின் தடவிக் கட்டினேன். ஒன்பதாம் நாள் பார்த்தபோது உரித்த வேர்க்கடலையின் உள்தோல் மாதிரி மெல்லிசாக, ரோஸ் நிறத்தில் தோல் மூடியிருந்தது. இடது காலில் மூன்றாம் நாளே கறுப்பாகப் பக்கு கட்டிவிட்டது. பார்க்க நன்றாகக் காய்ந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் படி ஏறினால் வெடிக்கும். வெடித்தால் ரத்தம், மறுபடி பக்கு. மூன்று வாரத்துக்கு மேல் இழுத்துவிட்டது.

அப்புறம் தேடிப் படித்தபோதுதான் காரணம் தெரிந்தது. 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் ஏற்படுத்தி, சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடியும் சிலவற்றைக் காற்றில் விட்டும் பார்த்திருக்கிறார். மூடியவை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் தோல் மூடின. புதுத் தோல் செல்கள் ஈரத்தில்தான் நகர்ந்து பரவும். மேலே பக்கு இறுகிவிட்டால் அதற்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழம் வரை இறங்கிச் சுற்றிப் போக வேண்டும். என் இரண்டு முழங்காலிலும் நடந்தது இதேதான். நம் பேச்சிலும் புண் 'ஆறுகிறது' என்றுதானே சொல்கிறோம். அது காய்ந்தால் போதும் என்று எப்போது முடிவு செய்தோம் என்று தெரியவில்லை.

இப்போது கேள்வி. என் பாட்டியின் முன்கையில் ஒரு கோலப் பச்சை இருந்தது. ஊருக்கு வந்த குறத்தி குத்தியது என்பார்கள். அதே புள்ளிக் கோலத்தை என் கையில் டாட்டூவாகப் போட்டுக்கொள்ள ஆசை. அதுவும் ஒரு காயம்தானே. போட்டுக்கொண்டவர்கள், காயத்தைப் பார்த்துப் பழகியவர்கள், உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

கோவை உறுப்பினர்

அக்கா, நான் 11 வருடமாக டாட்டூ போடுகிறேன். நீங்கள் அதைக் காயம் என்று சொன்னதே எனக்குப் பெரிய சந்தோஷம். வருகிறவர்களில் பாதிப் பேர் அதை ஓவியம் என்று மட்டும் நினைத்து வீட்டுக்குப் போகிறார்கள்.

ஊசி ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், மேல்தோலைத் தாண்டி அடித்தோலில் மையை வைக்கிறது. மேல்தோல் மாதாமாதம் புதிதாகிக்கொண்டே இருப்பதால் அங்கே வைத்த மை நிற்காது. அடித்தோலில் நம் உடம்பின் காவல் செல்கள் மையை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல் செத்தால் அது விட்ட மையைப் பக்கத்தில் வரும் அடுத்த செல் விழுங்கிக்கொள்ளும். இதை 2018-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் எலியின் தோலில் காட்டினார்கள்.

முதல் இரண்டு நாள் தெளிந்த நீரும் மையும் கலந்து கசியும். பெட்ஷீட்டில் படம் அப்படியே அச்சு விழும், பயப்பட வேண்டாம். வாசனை இல்லாத சோப்பைக் கையில் நுரைத்து, விரல் நுனியால் மட்டும் கழுவுங்கள். ஸ்கிரப்பர், பீர்க்கங்காய் நார் எதுவும் ஆகாது. சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். அப்புறம் வாஸ்லினோ வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரோ மிகமிக மெல்லிசாக. விரலில் ஒட்டுகிற அளவு போதும். தோசைக்கல்லுக்கு எண்ணெய் ஊற்றுவது போல ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் தோல் ஊறி, வியர்வை அடைத்து, பொரிப்பொரியாக வந்துவிடும். நம் வெயிலுக்கு இதுதான் நான் அடிக்கடி பார்ப்பது.

நான்காம், ஐந்தாம் நாளிலிருந்து உரியும். கலர் கலராகச் செதில் விழும். ராத்திரி பதினோரு மணிக்கு "அண்ணா, டாட்டூ போகுது" என்று போன் வரும். போகவில்லை. விழுவது மேல்தோலில் தங்கிய மை. அதைப் பிய்த்தால்தான் உண்மையிலேயே போகும். சென்ற வருடம் ஒரு தம்பி மணிக்கட்டில் அம்மா பெயர் போட்டுக்கொண்டு, அரிப்பு தாங்காமல் நகத்தால் சொறிந்து ஒரு எழுத்தின் சுழியைக் காலி செய்துவிட்டான். திரும்ப வந்து நின்றபோது அவன் கண் கலங்கியிருந்தது. இரண்டு மாதம் காத்திருந்து நிரப்பிக் கொடுத்தேன். அரித்தால் உள்ளங்கையை மெதுவாக வைத்து அழுத்துங்கள், அல்லது ஈரத் துணியைச் சற்று வையுங்கள்.

மேலே மூன்று வாரத்தில் மூடிவிடும். உள்ளே அடங்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்த முதல் மூன்று வாரம் கிணறு, ஆறு, கடல், நீச்சல் குளம் கூடாது. இதை நான் கெஞ்சிச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒருவர் டாட்டூ போட்ட ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் குளித்து, கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமி ஏறி, இரண்டு மாதம் போராடி இறந்தார். 2017-இல் மருத்துவ இதழில் வந்தது. அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தது, அதனால் அவ்வளவு மோசமானது. இருந்தாலும் திறந்த தோலோடு தண்ணீரில் இறங்காதீர்கள்.

மை விஷயத்திலும் கேளுங்கள். ஊசி உங்கள் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். மையைக் குழாய்த் தண்ணீரில் கலக்கக் கூடாது. கழுவ நல்ல தண்ணீர் போதும், ஆனால் தோலுக்குள் போவது வேறு கணக்கு. ரத்ததானம் செய்கிறவர் என்றால் டாட்டூவுக்குப் பிறகு 12 மாதம் பொறுக்க வேண்டும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூர் உறுப்பினர்

எங்கள் வீட்டில் காபித்தூள்தான். அரிவாள்மனையில் விரல் பட்டால் அம்மா டப்பாவைத் திறந்து அப்பிவிடுவார்கள். ரத்தம் நின்றுவிடும். உண்மையில் நிற்க வைத்தது அவர்கள் அழுத்திப் பிடித்த பிடி. டாக்டர் ஒரு முறை என் விரலிலிருந்து அந்தத் தூளைத் துளித்துளியாக எடுக்க அரை மணி நேரம் ஆனது. இப்போது என் பிள்ளைகளுக்கு விரலைத் தூக்கிப் பிடித்து, சுத்தத் துணியால் பத்து நிமிடம் நடுவில் திறந்து பார்க்காமல் அழுத்துகிறேன். அவ்வளவே.

மதுரை உறுப்பினர்

கோவை நண்பர் வாஸ்லின் என்று சொன்னதை நான் இரண்டு கையாலும் ஆமோதிக்கிறேன். என் கணுக்காலில் செருப்பு கடித்த சின்னப் புண். எல்லார் வீட்டிலும் இருக்கிற ஆன்டிபயாடிக் களிம்பு ஒன்றை வாங்கித் தடவினேன். நான்கு நாளில் சுற்றிலும் சிவந்து, கொப்புளித்து, நீர் வடிந்தது. புண் முற்றிவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தடவினேன். இன்னும் மோசம். தோல் மருத்துவர் ஒரு நொடி பார்த்துவிட்டு, "தொற்று இல்லை, களிம்பில் இருக்கும் நியோமைசின் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்றார். சிவப்பு களிம்பு பட்ட எல்லை வரை மட்டும் இருந்தது, வலியை விட அரிப்பு அதிகம். அதுதான் அடையாளமாம். அந்த மருந்தை நிறுத்திய பிறகு ஒரு வாரத்தில் அடங்கியது.

சின்ன அறுவைக் காயங்களில் ஆன்டிபயாடிக் களிம்பையும் வெறும் பெட்ரோலியம் ஜெல்லியையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் செய்த ஆய்வு 1996-இல் வெளிவந்தது. தொற்றில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. மருந்துக் கடையில் அரிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்களையும் திறந்த புண்ணில் தடவாதீர்கள். சிவப்பு மறையும், புண் ஆறுவது தள்ளிப்போகும்.

சென்னை உறுப்பினர்

அக்கா, நீங்கள் மண்ணில் விழுந்தீர்கள், டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டீர்களா? எழுதவில்லையே. சுத்தமான சின்னக் காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு 10 வருடத்துக்குள் என்றால் மறுபடி தேவையில்லை. மண், சாணி, துரு பட்ட காயத்துக்கு 5 வருடம்தான் கணக்கு.

இன்னொன்று. என் மகனைத் தெருநாய்க்குட்டி லேசாகக் கீறியது. கோடு மாதிரி, ஒரு சொட்டு ரத்தம். பிளாஸ்டர் ஒட்டப் போன என் கணவரைத் தடுத்து, சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவினேன். கட்டுப் போடவில்லை. அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி ஆரம்பித்தார்கள். ரத்தம் வந்ததால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து ஏற்றினார்கள். நாய், பூனை, குரங்கு கீறினால் அது சின்னக் காயம் கிடையாது. இந்த இழையில் படிக்கிற யாரும் அதற்கு வாஸ்லின் தேடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

திருச்சி உறுப்பினர்

ஊசி மறுநாளே போட்டுவிட்டேன் சகோதரி, கேட்டதற்கு நன்றி. அந்தக் கீறல் விஷயத்தை எல்லாரும் படிக்க வேண்டும்.

டாட்டூ போட்டு இன்றோடு 23 நாள். முன்கையில், பாட்டிக்கு இருந்த அதே இடம். முதல் நாள் கை சுட்டது, வெயிலில் வெந்த மாதிரி. மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. சிவப்பு நாளுக்கு நாள் குறைகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார்கள். கூடினால், சூடாகப் பரவினால், சீழோ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். எனக்குக் குறைந்துகொண்டே வந்தது. ஆறாம் நாள் செதில் உதிர்ந்தபோது நானும் கலங்கித்தான் போனேன், கோவை தம்பி எழுதியதைத் திரும்ப எடுத்துப் படித்துக்கொண்டேன். இப்போது லேசாகப் பளபளப்பு இருக்கிறது, புள்ளிகள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. வெளியே போனால் முழுக்கை ரவிக்கை. தோல் முழுசாகத் தேறியதும் சன்ஸ்கிரீன் தொடங்கப் போகிறேன்.

அத்தை மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தார்கள். பாட்டி காலத்தில் பச்சை குத்தியதும் அதுதானே பூசுவார்கள் என்றார்கள். நான் அவர்கள் கையைப் பிடித்து நிறுத்தி, வலது முழங்காலையும் இடது முழங்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வலதில் பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இடதில் கருத்த தழும்பு, அதன் நடுவில் மிளகில் பாதி அளவு ஒரு நீலப் புள்ளி. அன்று நான் காலை இழுத்துக்கொண்டபோது உள்ளே தங்கிய கல். அத்தை விரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, மஞ்சளை எடுத்துப்போய் மீன் குழம்பில் போட்டார்கள்.