அப்பா டெய்லி வாக்கிங் போறார், ஆனா சேர்ல இருந்து எந்திரிக்க சிரமப்படுறார். வெயிட் தூக்க வைக்கலாமா?

மதுரைக்காரன்:
அப்பாவுக்கு 72 வயசு, சுகர் பத்து வருஷமா இருக்கு, பிபி மாத்திரையும் போடுறார். காலைல 40 நிமிஷ வாக்கிங் தவறவே மாட்டார், ஆனாலும் இந்த ஒரு வருஷத்துல தொடை ரெண்டும் சூம்பிப் போச்சு, கைப்பிடிய அழுத்தாம சேர்ல இருந்து எந்திரிக்க வரல, படி உயரமா இருக்குன்னு டவுன்பஸ்ல ஏறுறதையே விட்டுட்டார். வயசானா அப்படித்தான்டாங்குறாங்க அம்மா. ஜிம்ல கேட்டா அந்தப் பையன் பயந்து சேத்துக்க மாட்டேங்குறான். என்ன பண்ணலாம்?

பிசியோஅக்கா:
தம்பி, வயசானா தசை மெலிஞ்சு பலம் குறையுற இதுக்கு சார்கோபீனியான்னு பேரு. வாக்கிங் இதயத்துக்கு, சுகருக்கு நல்லது, விட வேணாம். ஆனா டக்குனு எந்திரிக்க, தடுக்கினா சமாளிக்க ஒதவுற வேகமா சுருங்குற தசை இழைதான் வயசானா அதிகமா மெலியும், சமதரையில நடக்குறது அதுக்குப் பெருசா வேலை வைக்காது. கைய நெஞ்சுல கட்டிக்கிட்டு 5 தடவ எந்திரிச்சு உக்காரச் சொல்லி டைம் பாருங்க, பக்கத்துலயே நில்லுங்க. ஆசிய நிபுணர்கள் குழு 2019ல சொன்ன கணக்குப்படி 12 செகண்ட் ஆச்சுன்னாலே கவனிக்கணும்.

வயசு ஒரு தடையே இல்ல. 1990ல பாஸ்டன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல சராசரி வயசு 90 இருக்குறவங்களுக்கு 8 வாரம் கால் வெயிட் பயிற்சி குடுத்தாங்க, கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடிச்சு!

வீட்லயே ஆரம்பிக்கலாம். சேர்ல கெட்டியா ஒரு தலகாணி போட்டு உயரமாக்கி, எந்திரிச்சு மெதுவா உக்காரணும், அந்த மெதுவாதான் முக்கியம், பொத்துனு விழக்கூடாது. 8 தடவ, ரெஸ்ட், திரும்ப 8, வாரத்துல 2-3 நாள். ஈசியாயிட்டா தலகாணிய எடுத்துடுங்க. பிபி இருக்குறதால மூச்ச அடக்கவே கூடாது. சுகரால கண் விழித்திரை பாதிச்சிருந்தா கண் டாக்டர கேக்காம பெரிய வெயிட் வேணாம்.

கொங்குமருமக:
எங்க அத்தைக்கு 69ங்க. நாங்க பண்ணுன தப்பு என்னன்னா அரை லிட்டர் தண்ணி பாட்டில கைல குடுத்துட்டு ஆறு மாசம் அதே பாட்டில், ஒண்ணும் ஆகல. அப்புறம் பையில ஒரு கிலோ அரிசி, ரெண்டு கிலோன்னு ஏத்துன பொறகுதான் வித்தியாசம் தெரிஞ்சுது, இப்ப பிடிக்காமயே மாடிப்படி ஏறுறாங்க. சாப்பாடும் பாருங்க, காலைல இட்லி ராத்திரி இட்லின்னா தசை எங்கிருந்து வரும்? பெரியவங்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு தினம் 1 - 1.2 கிராம் புரோட்டீன் வேணுமாம், ஒரு முட்டைல 6 கிராம்தான்.

சும்மாஒருஆள்:
ப்ரோ, புரோட்டீன கூட்டுறதுக்கு முன்னாடி கிரியாட்டினின் பாத்துடுங்க, சுகர்காரங்களுக்கு கிட்னி எப்படி இருக்குன்னு தெரியாம பவுடர் வாங்கிக் கொட்டாதீங்க. ஒரே வருஷத்துல இவ்ளோ மெலிஞ்சிருக்குன்னா சுகர் கன்ட்ரோல்ல இல்லாமயும் இருக்கலாம், தைராய்டாவும் இருக்கலாம், டாக்டர்ட்ட ஒருதடவ காட்டுங்க.

மதுரைக்காரன்:
நன்றிக்கா, எல்லாருக்கும் நன்றி. டெஸ்ட் வெச்சேன், 19 செகண்ட், அதுலயும் நாலாவது தடவ கை தானா கைப்பிடிக்குப் போயிடுச்சு. திங்கக்கிழமை பிளட் டெஸ்ட். தலகாணி வெச்சு இன்னிக்கே ஆரம்பிச்சாச்சு, அரிசிப் பைனு சொன்னதுக்கு மட்டும் "ரேஷன் கடைல தூக்குனது பத்தாதாடா"ன்னு முறைக்கிறார்.